சொவெட்டோவில் இரவு தங்குங்கள்

ஜோகன்னஸ்பர்க் போகிறேன் என்று சொன்னால் போதும், சொவெட்டோவைப் பற்றி எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் தருகிறார்கள். காலையில் போங்கள், மண்டேலா வாழ்ந்த வீட்டைப் பாருங்கள், ஹெக்டர் பீட்டர்சன் நினைவகத்தைப் பாருங்கள், விலாகாசி தெருவில் மதியம் சாப்பிடுங்கள், பொழுது சாய்வதற்குள் நகரின் வசதியான பகுதிகளான சான்டனுக்கோ ரோஸ்பேங்குக்கோ திரும்பிவிடுங்கள். பயண நிறுவனங்களின் நிரலில் சொவெட்டோ என்றாலே அரை நாள். கையேடுகளும் ஹோட்டல் வரவேற்பறைகளும் இதையே சொல்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் லெனேசியாவில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அறிவுரை ஒன்றுதான் என்றாலும் அதைத் தருகிறவர்கள் இரண்டு தரப்பு. முதல் தரப்புக்குப் பயம். இரவில் அங்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்கிறது. இரண்டாம் தரப்புக்கு மனச்சாட்சி உறுத்துகிறது. ஏழைகள் வாழும் இடத்தில் காசு கொடுத்து அறை எடுத்துத் தங்குவது அவர்கள் வாழ்க்கையை வேடிக்கை பார்ப்பது, மனிதர்களைக் கூண்டில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம், பண்பாட்டுச் சுற்றுலா என்ற பெயரில் வறுமையை விற்கிறார்கள் என்கிறது. பயப்படுகிறவர்களுக்குப் பிறகு பதில் சொல்கிறேன். எனக்கு வழக்கு அதிகம் இருப்பது இரண்டாம் தரப்போடுதான். அவர்கள் அக்கறை உள்ளவர்கள், படித்தவர்கள். அவர்கள் பேச்சில் நியாயத்தின் ஓசை இருக்கிறது. அதனாலேயே யாரும் அதை எதிர்த்துக் கேட்பதில்லை.

நான் எதிர்க்கிறேன். பகலில் பார்த்துவிட்டு இரவில் வெளியேறிவிடுவது என்ற ஏற்பாட்டில் சொவெட்டோக்காரர்களுக்கு எந்த மரியாதையும் இல்லை. அந்த ஏற்பாட்டை முதலில் செய்தது நிறவெறி ஆட்சி. சொவெட்டோவில் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, வீட்டுக்காரர் கேட்கும் வாடகையைக் கொடுத்து, அவர் சொல்லும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு இரவு தங்குவதுதான் வெளியூர்க்காரர் அந்த ஊருக்குச் செய்யக்கூடிய நேர்மையான காரியம்.

முதலில், இவர்கள் மனதில் இருக்கும் சொவெட்டோ எது? தகரக் கொட்டகைகள், சாக்கடை, வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த நகரம் அது. தகரக் கொட்டகைகள் உண்டு. கிளிப்டவுனில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்றும் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆனால் சொவெட்டோவின் பெரும்பகுதி செங்கல் வீடுகள். டீப்க்லூஃப் விரிவாக்கத்தில் மாடி வீடுகளும் இரட்டைக் கார்க் கொட்டகைகளும் நிற்கின்றன. தொழிலதிபர் ரிச்சர்ட் மபோன்யா 2007-இல் திறந்த பெரிய வணிக வளாகம் இருக்கிறது. ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், டாக்சி முதலாளி, கல்லூரி மாணவர், வேலை தேடி அலுத்தவர் எல்லோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். இந்த ஊரை ‘சேரி’ என்ற ஒற்றை முத்திரைக்குள் அடைத்துவிட்டு, சேரியில் தங்குவது தவறு என்று தீர்ப்பு எழுதுவது அங்கே வீடு கட்டி வாழ்கிறவர்களை இழிவுபடுத்துவது. கருணையோடு செய்தாலும் அது இழிவுதான்.

சொவெட்டோவின் வரலாற்றைப் படித்தவருக்கு ஒன்று விளங்கும். அங்கே யார் இரவு தங்கலாம், யார் தங்கக் கூடாது, யாருடைய அனுமதியோடு என்பதுதான் தொடக்கத்திலிருந்தே சண்டை. அந்தத் தொடக்கத்தில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1904 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கின் ‘கூலி லொகேஷன்’ என்ற இந்தியர் குடியிருப்பில் கொள்ளைநோய் பரவியது. தமிழரும் பிற இந்தியரும் கறுப்பின மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. காந்தி அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ததை அவர் வாழ்க்கையைப் படித்தவர்கள் அறிவார்கள். நகராட்சி எல்லோரையும் வெளியேற்றியது, குடியிருப்பைக் கொளுத்தியது, குடியிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, கழிவுநீர்ப் பண்ணைக்குப் பக்கத்தில் இருந்த கிளிப்ஸ்ப்ரூயிட்டில் கொண்டுபோய் இறக்கியது. இந்தியர்கள் பிறகு அங்கிருந்து விலகினார்கள், கறுப்பின மக்கள் அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். சொவெட்டோவின் முதல் விதை அது. நகரத்துக்கு உங்கள் உழைப்பு வேண்டும், உங்கள் படுக்கை வேண்டாம் என்ற முடிவு அன்றே எடுக்கப்பட்டுவிட்டது.

1930களில் ஆர்லாண்டோ கட்டப்பட்டது. போர்க்காலத்தில் நகராட்சி வீடு கட்டுவதை நிறுத்த, ஒரு வீட்டுக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் உள்வாடகைக்கு நெருக்கிப் படுத்தன. 1944-இல் ஜேம்ஸ் ம்பான்சா என்ற மனிதர் அந்த உள்வாடகைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய்ச் சாக்கும் கம்பும் வைத்துக் குடிசை போட்டார். படுக்க இடம் கேட்டு நடந்த போராட்டம் அது. சொவெட்டோவின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

நிறவெறி ஆட்சி வந்தபின் படுக்கை முழுக்கச் சட்டத்தின் கையில் போனது. 1952-இல் திருத்தப்பட்ட நகர்ப்புறச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, தகுதி இல்லாத கறுப்பினத்தவர் நகர எல்லைக்குள் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தகுதி என்றால் அங்கேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு, சட்டப்படி தங்கி 15 ஆண்டு என்று நிரூபிக்க வேண்டும். வீடு நகராட்சியுடையது. குடியிருப்பவர் அனுமதிச் சீட்டோடு இருக்கும் வாடகைதாரர் மட்டுமே. வீட்டில் யார் யார் படுக்கலாம் என்று அந்தச் சீட்டில் பெயர் எழுதியிருக்கும். உள்வாடகைக்கு வருபவருக்குத் தனிச் சீட்டு. ‘பிளாக்ஜாக்’ என்று மக்கள் அழைத்த நகராட்சிக் காவலர்கள் விடியலுக்கு முன் வந்து கதவைத் தட்டி, படுத்திருப்பவர்களை எண்ணுவார்கள். சீட்டு பெரும்பாலும் ஆண் பெயரில்தான் இருந்தது. கணவன் இறந்தாலோ மணமுறிவு ஏற்பட்டாலோ பெண் வீட்டை இழக்கும் ஆபத்து எப்போதும் இருந்தது. 1978-இல் 99 ஆண்டுக் குத்தகை உரிமை வந்தது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டம் 1986-இல்தான் ஒழிந்தது.

இன்று சொவெட்டோவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். தாயின் பெயரில் சீட்டுக்கூட இல்லாமல் இருந்த அதே வீட்டை மகள் தன் பெயருக்கு மாற்றி, பின்னால் நான்கு அறை இழுத்துக் கட்டி, வாசலில் பலகை மாட்டியிருக்கிறார். யாரை உள்ளே விடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார். இந்தப் பலகையைப் பார்த்து ‘வறுமை வியாபாரம்’ என்று சொல்கிறவருக்கு அந்த ஊரின் கதையே தெரியாது என்றுதான் நான் கருதுகிறேன்.

வேடிக்கை பார்த்தலின் கதை வேறு. வெள்ளையர்கள் கறுப்பினக் குடியிருப்புக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டியிருந்த காலத்தில், வெளிநாட்டு விருந்தினரையும் வெள்ளையரையும் சொவெட்டோவுக்குள் பேருந்தில் அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தது ஜோகன்னஸ்பர்க் நிர்வாகமே. பாருங்கள், எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம் என்று காட்டுவதற்கான பேருந்து அது. ஜன்னல் வழியே பார்ப்பார்கள், குறித்த இடத்தில் இறங்குவார்கள், நேரத்துக்குத் திரும்புவார்கள். குடியிருப்பவர்களோடு பேச்சில்லை. இன்றைய அரைநாள் சுற்றுலாவின் எலும்புக்கூடு அதுதான். 1980களின் நடுவிலிருந்து கறுப்பின வழிகாட்டிகள் தாங்களே வண்டி ஓட்டத் தொடங்கி அதற்கு வேறு குரல் கொடுத்தார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வண்டி பெரிதாகி, கூட்டம் கூடி, வெளி நிறுவனங்கள் புகுந்தபின் பழைய பேருந்தே திரும்பி வந்துவிட்டது. விமர்சகர்கள் திட்ட வேண்டியது அந்தப் பேருந்தை. அவர்களோ பேருந்துப் பயணத்தின் குற்றத்தை எடுத்துக் கெஸ்ட் ஹவுஸின் தலையில் கட்டுகிறார்கள்.

அரைநாள் பேருந்து ஊருக்குள் வரும் நேரத்தைக் கவனியுங்கள். காலை பத்து மணி. சொவெட்டோவின் வேலைக்காரர்கள் அதற்கு ஐந்து மணி நேரம் முன்பே போய்விட்டார்கள். விடியற்காலை நான்கரைக்கு, ஜூன் ஜூலைக் குளிரில் புல்மேல் உறைபனி வெளுத்திருக்கும்போது, தெருமுனையில் போர்வை போர்த்திய பெண்கள் நிற்பார்கள். மினிபஸ் டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் நகரத்துக்கு என்று அர்த்தம். அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் போய்ச் சேருவது சான்டனின் வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும். அங்கே தூங்கி எழுந்த சுற்றுலாப் பயணியின் படுக்கை விரிப்பை மாற்றுவார்கள். அந்தப் பயணி பேருந்தேறி அவர்கள் ஊருக்கு வந்து, வேலைக்குப் போகாத ஆண்களையும் தெருவில் விளையாடும் சிறுவர்களையும் மட்டும் பார்த்து, சோம்பலும் ஏழ்மையும் நிறைந்த ஊர் என்று மனதில் பதித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவார். அவர் எதிர்த்திசையில் போகும்போது அந்தப் பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். உழைக்கும் சொவெட்டோவைப் பார்க்க விரும்புகிறவர் விடியலில் அங்கே இருக்க வேண்டும். விடியலில் இருக்க வேண்டுமானால் இரவு அங்கே படுத்திருக்க வேண்டும். இதற்கு மாற்று வழி கிடையாது.

நான் தங்கிய வீடு ஆர்லாண்டோ வெஸ்டில், விலாகாசி தெருவின் கூட்டத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சரிவில் இருந்தது. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். எல்லோரும் அவரை ‘மா’ என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முன்பகுதி பழைய தீப்பெட்டி வீடு: 1950களில் ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய நான்கு அறை மாதிரி, மொத்தம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கட்டிக் கொடுத்தபோது உள் கதவு கிடையாது, மேற்கூரைக்கு அடியில் தட்டி கிடையாது, கழிப்பறை முற்றத்தில். பழைய சுவர் முடிந்து புதுக்கட்டு தொடங்கும் இடத்தில் தரையில் ஒரு சிறு மேடு இருந்தது. இருட்டில் தடுக்கும் என்று வந்த அன்றே காலால் தொட்டுக் காட்டினார். முற்றத்துக் கழிப்பறையை இடிக்காமல் வெள்ளையடித்து, துவைத்த போர்வைகளை அடுக்கும் அலமாரியாக்கியிருந்தார். எஸ்காம் நிறுவனத்தின் மின்சாரம் அந்தப் பகுதியில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரு மின்மாற்றி பழுதானால் தெருவே நாள்கணக்கில் இருட்டில் கிடக்கும். அதனால் சமையலறையில் காஸ் அடுப்பு தயாராக இருந்தது, ஒவ்வொரு அறையிலும் சார்ஜ் செய்யும் விளக்கு.

காலையில் புளிக்கவைத்த சோள மாவுக் கஞ்சி, முட்டை, பக்கத்து வீட்டிலிருந்து சுடச்சுட வரும் மக்வின்யா என்ற எண்ணெய் உருண்டை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு எல்லா அறையும் வேண்டுமாம், இரண்டு தெரு தள்ளி ஒரு சாவு. சொவெட்டோவில் அடக்கம் சனிக்கிழமை காலையில். வெள்ளி இரவு முழுக்கப் பாட்டும் செபமுமாகக் கண்விழிப்பார்கள். டர்பனிலிருந்தும் போலொக்வானேயிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்கு வீட்டில் இடம் போதாது. வயதானவர்களுக்குப் படுக்கை வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள், முற்றத்தில் மூன்றுகால் இரும்புப் பானைகளில் இறைச்சி வெந்தது. சனிக்கிழமை அவலான் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள் வாசலில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் கைகழுவிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். அறைகளில் தங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்கள். வெளிநாட்டுக்காரர் என்று பார்த்தால் நான்தான்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கெஸ்ட் ஹவுஸைக் கண்டிக்கும் கட்டுரைகளில் எல்லாப் படுக்கையிலும் கேமராவோடு ஒரு வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார். நிஜத்தில் சாவுக்கு வந்த மாமா படுத்திருக்கிறார், கல்யாணத்துக்கு வந்த சித்தி, பயிற்சி வகுப்புக்கு வந்த லிம்போபோ ஆசிரியர், கால்பந்துப் போட்டிக்கு வந்த இளைஞர்கள். ஆர்லாண்டோ பைரட்ஸும் கைசர் சீஃப்ஸும் மோதும் வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டுக்காரர் அந்த வரிசையில் ஒருவர். விருந்தினர் வருவதும் தங்குவதும் அந்த ஊரின் அன்றாடத் தேவையாக இருக்கும்போது, அந்நியர் முகம் ஒன்று வந்ததும் முழுத் தொழிலையும் ‘வேடிக்கை’ என்று பெயர் மாற்றுவது என்ன நியாயம்?

அந்த அம்மாவிடம் இந்த விமர்சனத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். “எங்கள் சித்தி ஊரிலிருந்து வந்து தங்குவதற்குக்கூட அப்போது அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும், பிள்ளை. சீட்டு கிடைக்காவிட்டால் போலீஸ் வரும்போது கரிப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்வாள். இப்போது நான் யாருக்கு வேண்டுமானாலும் கதவைத் திறப்பேன், பணமும் வாங்குவேன். இதில் எனக்கு என்ன அவமானம்?” என்றார்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். சுற்றுலாப் பணம் விலாகாசி தெருவைத் தாண்டுவதில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மண்டேலா 1946-இல் குடிவந்த 8115 எண் வீடும், அதே தெருவில் டெஸ்மண்ட் டூட்டுவின் வீடும், நடக்கும் தூரத்தில் 1976 மாணவர் எழுச்சியில் போலீஸ் சுட்டுக் கொன்ற 12 வயது ஹெக்டர் பீட்டர்சனின் நினைவகமும் இருப்பதால் பேருந்துகள் எல்லாம் அங்கேயே குவிகின்றன. உணவகங்களுக்கும் நினைவுப் பொருள் கடைகளுக்கும் போகும் பணம் அடுத்த தெருவை எட்டுவதில்லை. ஆனால் இதற்குக் காரணம் அரைநாள் என்ற அளவுதான். அரை நாளில் ஒருவரால் ஒரு தெருவில்தான் செலவழிக்க முடியும். இரவு தங்குகிறவருக்குப் பல்பசை தீர்ந்துபோகும், ஸ்பாசா என்ற தெருப் பெட்டிக்கடைக்குப் போவார். சட்டை அழுக்காகும், பக்கத்து வீட்டுப் பெண் துவைத்துத் தருவார். பத்து மணிக்குப் பசிக்கும், தெருமுனையில் ‘கோட்டா’ வாங்குவார்: ரொட்டியின் கால் பகுதியைக் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவலும் பொலோனியும் மாங்காய் அச்சாரும் திணித்துத் தருவார்கள். அந்த அச்சாரை முதல் கடியிலேயே நம் நாக்கு அடையாளம் கண்டுகொள்ளும்; இந்தியர்கள் கொண்டுபோன ஊறுகாய் இன்று சொவெட்டோவின் சொந்தச் சாப்பாடு.

பெரிய திட்டங்கள் என்ன செய்தன என்பதையும் பார்த்துவிட்டோம். 1955 ஜூன் 26-இல் நிறவெறி எதிர்ப்பு இயக்கங்களின் சுதந்திர சாசனம் ஏற்கப்பட்ட கிளிப்டவுன் மைதானத்தில், அதன் பொன்விழாவான 2005-இல் வால்டர் சிசுலு சதுக்கத்தைத் திறந்தார்கள். பிரம்மாண்டமான கான்கிரீட் தூண்கள், கடைகள், நினைவுக்கூம்பு, பின்னர் ஒரு நான்கு நட்சத்திர ஹோட்டல். பயணிகள் வருவார்கள், கிளிப்டவுன் பிழைக்கும் என்றார்கள். பராமரிப்பு குறைந்து தளர்ந்துகொண்டிருந்த சதுக்கம் 2021 ஜூலைக் கலவரத்தில் சூறையாடப்பட்டது. கம்பியும் குழாயும்கூடப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அந்தக் கட்டடத்தைத் தன்னுடையது என்று நினைக்க அக்கம்பக்கத்தாருக்கு எந்தக் காரணத்தையும் யாரும் தரவில்லை. அதே ஊரில் குடும்பங்கள் தங்கள் சேமிப்பிலும் ஸ்டாக்வெல் சீட்டுப் பணத்திலும் எழுப்பிய விருந்தினர் அறைகள் நிற்கின்றன. அரசு இந்தக் குடும்பங்களுக்கு நிலப் பயன்பாட்டு அனுமதியையும் நட்சத்திரத் தரச் சான்றையும் எளிதாக்கித் தந்திருந்தால் அந்தச் சதுக்கத்தின் செலவில் ஒரு சிறு பங்கு போதுமாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பண்பாடு விற்பனைக்கு வந்துவிட்டது என்பது அடுத்த குறை. எந்தப் பண்பாடு? மதியச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் விலங்குத் தோல் உடுத்தி ஆடும் பத்து நிமிட நடனத்தைத்தான் சொல்கிறார்கள் என்றால் எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. 1950களில் இதே ஊரை ஜூலுக்களுக்கு ஜோலா, சோத்தோக்களுக்கு நலேடி, வெண்டா சோங்கா மக்களுக்கு சியாவெலோ என்று இனவாரியாகக் கூறுபோட்டது ஆட்சி. மக்கள் அந்தக் கோடுகளைத் தாண்டிக் காதலித்தார்கள், கல்யாணம் செய்தார்கள், எல்லா மொழியையும் கலந்து ஒரு தெருப்பேச்சையே உருவாக்கிக்கொண்டார்கள். க்ரெடோ முட்வா என்ற எழுத்தாளர் 1970களில் ஜபாவுவில் சிலைகளும் குடில்களுமாக ஒரு பண்பாட்டுக் கிராமம் அமைத்தார்; 1976-இல் கிளர்ந்தெழுந்த மாணவர்கள் அதன் ஒரு பகுதிக்குத் தீ வைத்தார்கள். பழங்குடி உடையில் தங்களை உறையவைக்கும் எதையும் அந்தத் தலைமுறை சந்தேகத்தோடுதான் பார்த்தது.

அந்த மதியக் காட்சி அரைநாள் பேருந்துக்காகவே செய்யப்படுவது. பேருந்துக்கு நேரமில்லை, அதனால் பண்பாட்டைப் பத்து நிமிடத்தில் பொட்டலம் கட்டித் தர வேண்டியிருக்கிறது. தங்குகிறவருக்குப் பொட்டலம் தேவைப்படாது. வியாழக்கிழமை மதியம் சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைக் காலரும் தொப்பியுமாக மெதடிஸ்ட் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் செபத்துக்கு நடந்து போவதைப் பார்ப்பார். வீட்டு வேலைக்காரிகளுக்கு வியாழன்தான் ஓய்வு என்பதால் அந்த நாள் வழக்கமானது. ஞாயிறன்று ரெஜினா முண்டி தேவாலயத்தில் உட்கார்ந்து, 1976-இல் மாணவர்களைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்த போலீஸின் குண்டுத் தடங்கள் இருக்கும் அதே கூரைக்குக் கீழே நான்கு மொழியில் பாட்டு எழும்புவதைக் கேட்பார். பிறகு ஏழு வண்ணச் சாப்பாடு என்று அழைக்கிற ஞாயிற்றுக்கிழமை விருந்து. காலை மேசையில் வீட்டுக்கார அம்மா ஜூலுவில் கேட்பார், மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சோத்தோவில் கணக்குச் சொல்வார். இதில் எதற்கும் நுழைவுச் சீட்டு இல்லை, எதுவும் விருந்தினருக்காக நடப்பதும் இல்லை.

இனி பயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. 2022 ஜூலை 10 பின்னிரவில் ஆர்லாண்டோ ஈஸ்டின் நொம்சாமோ பகுதியில் ஒரு மதுக்கடைக்குள் புகுந்தவர்கள் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். இதை மறைத்துவிட்டு யாரையும் சொவெட்டோவுக்குப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்று இறந்தவர்கள் அங்கே வாழ்கிறவர்கள். வன்முறையின் சுமையைச் சுமப்பவர்களும், அதற்கு எதிராகத் தெருவில் காவல் சுற்றுகிறவர்களும் அவர்களே. பயந்து விலகிப்போகும் பயணி தன் பணத்தையும் கவனத்தையும் ஏற்கெனவே மின்வேலியும் தனியார் காவலும் உள்ள பகுதிக்கே கொண்டுபோகிறார். சொவெட்டோவின் தெருவிளக்கு எரியாததற்கு அவர் காரணமில்லை என்றாலும், எரியாத தெருவிலிருந்து எல்லோரும் விலகினால் அது எரியப்போவதும் இல்லை.

நடைமுறையில் பயணிக்கு ஆபத்து எங்கே? பொழுது சாய்ந்தபின் வழி தெரியாமல் தனியே நடப்பதில், கைப்பேசியை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதில், யாரென்று தெரியாத வண்டியில் ஏறுவதில். ஜோகன்னஸ்பர்க் நகர மையத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டில் தங்குகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு பலம் இருக்கிறது: வீட்டுக்காரரின் அறிவு. எந்தத் தெரு வழியே போகலாம், எந்த ‘ஷெபீன்’ மதுக்கடையில் உட்காரலாம், எந்த ஓட்டுநரை நம்பலாம் என்று அவருக்குத் தெரியும். அவர் விருந்தினர் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியும். விருந்தினருக்கு ஏதாவது ஆனால் அவர் தொழிலும் பெயரும் போகும். ‘மா’ என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “ஏழு மணிக்கு மேல் எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போ. நான் கூப்பிட்டுத் தரும் வண்டியில் மட்டும் ஏறு.” சொன்னபடி நடந்தேன். விருந்தினர் கடமை அது.

கண்டிக்க வேண்டியவற்றை நானும் கண்டிக்கிறேன். கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுப்பது, வண்டியிலிருந்து மிட்டாய் வீசுவது, கிளிப்டவுன் கொட்டகைக்குள் கூட்டமாக நுழைந்து ஒரு குடும்பத்தின் அடுப்பையும் படுக்கையையும் பார்த்துவிட்டு வெளியேறுவது, அனாதை இல்லத்தை ஒரு நிறுத்தமாக நிரலில் சேர்ப்பது எல்லாம் கேவலமான செயல்கள். இவற்றைச் செய்கிறவர்கள் மாலையில் கிளம்பிவிடுகிறவர்கள். நாளை காலையும் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்றிருப்பவருக்கு இப்படி நடந்துகொள்ளக் கை வராது.

சான்டனில் தங்கிக்கொண்டு சொவெட்டோவின் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நன்கொடை கொடுத்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுங்கள், யார் தடுக்கிறார்கள்? ஆனால் அந்த அம்மா நன்கொடை கேட்கவில்லை. அறைக்கு வாடகை வைத்திருக்கிறார், வாடிக்கையாளரை எதிர்பார்க்கிறார். உழைத்துக் கட்டிய அறையைக் காலியாக வைத்துவிட்டு அவருக்குத் தர்மம் அனுப்புவது எந்த அறத்தில் சேரும்?

ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், அதில் ஒன்று வார இறுதியாக இருக்கட்டும். வலைத்தளத் தரகர்களுக்குக் கழிவு போகாமல் முடிந்தவரை வீட்டுக்காரரிடமே நேரடியாகப் பேசி அறை எடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் அதே தெருவில் வளர்ந்தவரைக் கேட்டு அமர்த்திக்கொள்ளுங்கள், நடந்தோ சைக்கிளிலோ சுற்றுங்கள். உங்கள் பயண நிறுவனம் சொவெட்டோவுக்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்க முடியாது என்றால், அந்த அரை நாளை நிரலிலிருந்து அடித்துவிட்டு, குழுவோடு க்ரூகர் காட்டுக்கோ கேப் டவுனுக்கோ கிளம்புவதற்கு முன்பு நீங்களாகவே ஆர்லாண்டோவில் ஓர் அறைக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.